லட்டு ஊட்டிய வழக்கு

பெங்களூர் சந்தாபுராவில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் லிஃப்ட் என்று ஒன்று உண்டு. வாரத்தில் நான்கு நாள் அது ஓய்வெடுக்கும். அப்படி ஒரு நாள் படியேறும்போது மேல்வீட்டு சங்கீதா கூட வந்தாள். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் எச்.ஆர். வேலை. ஆட்களைக் குறைக்கிறார்களாம். போகச் சொன்ன அத்தனை பேருக்கும் இவள்தான் கடிதம் எடுக்கிறாளாம். ‘தாங்களாக முன்வந்து விலகியதை ஏற்கிறோம்’ என்று அதில் ஒரு வரி. அந்த ‘வாலன்டரிலி’ என்ற வார்த்தையைக் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது, அழித்தாலும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். “யார் அங்கிள் அதெல்லாம் படிக்கப் போறாங்க?” என்றாள்.

நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாவது மாடி வருவதற்குள் என் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்குள் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். மனைவி, படியேறி மூச்சு வாங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு இன்னொரு வார்த்தை நினைவுக்கு வந்திருந்தது. ‘ஃபோர்சிப்ளி’. தமிழில் பலவந்தமாக, வலுக்கட்டாயமாக என்று சொல்லலாம். அந்த ஒரு வார்த்தையை எட்டு வருஷம் என் சொந்தக் கையால் ஊருக்கெல்லாம் விநியோகம் செய்த பாவி நான்.

நான் படித்ததெல்லாம் ஒக்கலிபுரத்தில் ரயில் சத்தத்துக்கு நடுவே இருந்த ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில்தான். டைப்பும் சுருக்கெழுத்தும் ஹையர் பாஸ் செய்த மறு மாசமே அடுகோடியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டெனோ வேலை கிடைத்தது. ரிட்டயர் ஆகும்வரை அதே நாற்காலிதான், குஷன் மட்டும் இரண்டு முறை மாறியது. எங்கள் தொழிற்சாலையில் ஸ்பிரிங் தராசு செய்வார்கள். காய்கறிக் கடையில் கொக்கியில் மாட்டி நிறுக்கிறார்களே, அதிலிருந்து மூட்டை நிறுக்கும் பெரிய தராசு வரைக்கும். இழுத்தால் எவ்வளவு பலம், தள்ளினால் எவ்வளவு பலம் என்று அளப்பதுதான் அங்கே ஆயிரம் பேருக்குச் சோறு போட்டது. நான் மட்டும் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் (இப்போது எச்.ஆர். என்கிறார்கள்) அளக்காமல் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

என் மேலதிகாரி பர்சனல் மேனேஜர் நஞ்சுண்டய்யா. மைசூர்ப் பக்கத்து மனிதர். சித்திரை வெயிலிலும் கையில்லாத ஸ்வெட்டர் போட்டிருப்பார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை, யாரையும் ஏக வசனத்தில் திட்டியதில்லை. நான் அடித்துக் கொண்டுபோகும் எந்தக் கடிதத்தையும் உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னலோரம் போய் நின்று, தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து, உதடு அசைய முழுவதும் படிப்பார். கையில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக ஒரு பென்சில். எதையும் அடிக்க மாட்டார், சேர்க்கத்தான் செய்வார். இரண்டு வார்த்தைக்கு நடுவே கூரை மாதிரி ஒரு குறி போட்டு, மேலே அவர் சேர்க்கும் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்.

அதற்கு ஒரு கதை இருந்தது. நான் வருவதற்கு முன்னால் ஒரு தொழிலாளி ஃபோர்மேனைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். வேலையை விட்டு எடுத்தார்கள். லேபர் கோர்ட்டில், ‘தள்ளினான் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், பலவந்தமாகத் தள்ளினான் என்று எங்கே இருக்கிறது? கூட்டத்தில் கைபட்டால்கூடத் தள்ளியதுதானே’ என்று கேட்டார்களாம். அந்த ஆள் மாலையோடு திரும்பி வந்தான். அன்றிலிருந்து நஞ்சுண்டய்யாவுக்கு அந்த வார்த்தைமேல் ஒரு பக்தி. “ஃபோர்ஸ் இல்லாத சார்ஜ் ஷீட், உப்பில்லாத சாறு எத்திராஜ். யாரும் தொடமாட்டாங்க” என்பார். சாறு என்றால் அவர் பாஷையில் ரசம்.

தப்பை ஆரம்பித்தவர் அவர் என்றால், அதற்குக் கல்லும் மண்ணும் சுமந்தவன் நான். ஒவ்வொரு சார்ஜ் ஷீட்டையும் அடித்துக்கொண்டுபோக, அவர் பென்சிலால் அதே வார்த்தையைச் சேர்க்க, நான் திரும்ப முழுத் தாளையும் அடிக்க வேண்டியிருந்தது. எத்தனை நாள் பொறுப்பது? சார்ஜ் ஷீட்டுக்கு ஒரு பொது வாசகம் உண்டு. ‘நீ இன்ன தேதியில்’ என்று ஒரு கோடு, ‘செய்தாய்’ என்று ஒரு கோடு. அதை மெழுகுத்தாளில் ஸ்டென்சிலாக வெட்டி, உருளையில் மாட்டி, மை தடவி நூறு நூறாகச் சுற்றி எடுத்து வைத்துக்கொள்வோம். பெயரையும் தேதியையும் குற்றத்தையும் மட்டும் அப்புறம் கோட்டில் அடிப்போம். புது ஸ்டென்சில் வெட்டும்போது யாரையும் கேட்காமல் ‘நீ’ என்பதற்கு அடுத்தே ஃபோர்சிப்ளியையும் சேர்த்து வெட்டிவிட்டேன். நஞ்சுண்டய்யா ஜன்னலோரம் போய்ப் படித்தார். பென்சிலை எடுத்தார். சேர்க்க வேண்டிய இடத்தில் அது ஏற்கெனவே இருந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “பேஷ்” என்றார். என் வாழ்நாளில் அவரிடம் நான் வாங்கிய ஒரே பேஷ் அது.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். ஒருத்தன் இரவு ஷிஃப்டில் ஃபோர்சிப்ளி தூங்கினான். இன்னொருத்தன் நான்கு நாள் ஃபோர்சிப்ளி வேலைக்கு வரவில்லை. கேன்டீனில் ஒருத்தன் ஃபோர்சிப்ளி இரண்டாவது கரண்டி சாம்பார் வாங்கினான். செவிட்டுக் கிழவர் ஒருவர் சங்குச் சத்தத்தை ஃபோர்சிப்ளி கேட்கவில்லை. ஒருவரும் எதிர்த்து ஒரு வார்த்தை எழுதவில்லை. தாள் ஆங்கிலத்தில் இருக்கும், யூனியன் ஆபீசில் யாராவது, ‘தூங்கியது தப்புதான், இனி தூங்கமாட்டேன்’ என்று பதில் எழுதிக் கொடுப்பார்கள், ஒரு எச்சரிக்கையோடு விஷயம் முடியும். ஒர்க்‌ஷாப்பில் அந்தத் தாளுக்கே ஃபோர்சிப்ளி என்று பெயர் வந்துவிட்டது. “எனக்கு ஒரு ஃபோர்சிப்ளி வந்துகீதுப்பா” என்று டீ குடித்துக்கொண்டே சொல்லிக்கொள்வார்கள். எனக்கும் அது ஒரு வார்த்தையாகவே தெரியவில்லை, தாளில் இருக்கும் மார்ஜின் மாதிரி ஆகிவிட்டது.

இப்படி எட்டு வருஷம் ஓடியது. அப்புறம்தான் லட்டு வந்தது.

பெங்களூர்த் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, சந்தனம், சாமந்திப் பூ. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பெண்டாட்டி பிள்ளைகளைக் கேட்டுக்குள் விடுவார்கள். எங்களிடம் கூடுதலாக ஒரு பழக்கம் இருந்தது. பூசணிக்காய் உடைத்ததும், ஒவ்வொரு செக்‌ஷனிலும் மூத்த தொழிலாளி தன் அதிகாரியின் வாயில் ஒரு இனிப்பை ஊட்டிவிடுவார். அதிகாரி கையை நீட்டக்கூடாது, வாயைத்தான் திறக்க வேண்டும். நஞ்சுண்டய்யாகூட ஸ்வெட்டரோடு நின்று வாயைத் திறப்பார்.

அந்த வருஷம் ஒர்க்ஸ் மேனேஜராக மல்ஹோத்ரா என்பவர் வடக்கேயிருந்து வந்து மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. நல்ல மனிதர், ஆனால் பேச்சுப் பிரியர். இந்தப் பழக்கத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆளாளுக்கு இன்னொருத்தர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டோம். இரண்டு வார்த்தை பேசச் சொன்னதற்கு அவர் தரத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். பக்கத்தில் அவருக்கு ஊட்டுவதற்காக ஸ்பிரிங் செக்‌ஷன் மூத்த ஆள் தனகோட்டி, தட்டில் லட்டோடு நின்றுகொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் கம்பியை வளைத்த கை, ஒவ்வொரு விரலும் முருங்கைக்காய் கனம் இருக்கும். ஆனால் அவரைப் போல ஒரு சாதுவை அடுகோடி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. யாராவது சாப்பிடாமல் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ராகு காலம் நெருங்குகிறது என்று பூசாரி கண்ணைக் காட்டினார். மல்ஹோத்ரா ஏதோ ஒரு பெரிய வார்த்தைக்கு வாயைத் திறந்தார். தனகோட்டி, பழக்கப்படி திறக்கிறார் என்று நினைத்து, லட்டை வைத்துவிட்டார்.

கேன்டீன் கான்ட்ராக்டர் பிடித்த லட்டு. அதைச் சுவரில் எறிந்தால் சுவர்தான் யோசிக்கும். மல்ஹோத்ராவுக்கு முன்பல் ஒன்று கட்டிய பல் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. அது கழன்று, தரையில் குவித்திருந்த பொரியில் விழுந்துவிட்டது.

பொரிக்குள் பல்லைத் தேடியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. நாற்பது பேர் மண்டிபோட்டுப் பொரியைச் சலித்தோம். மல்ஹோத்ரா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு மேடையில் நின்றார். கடைசியில் தனகோட்டியின் மனைவிதான் கண்டெடுத்து, முந்தானையால் துடைத்து, கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தார்.

விடுமுறை முடிந்து வந்ததும் மல்ஹோத்ராவிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. கையால் எழுதியது, மூன்றே வரி. நஞ்சுண்டய்யா ஜன்னலோரம் நின்று படித்துவிட்டு, “அதிகாரி மேல கை வெச்ச கேஸ். முறையா பண்ணணும்” என்றார். முறை என்றால் இதுதான்: கைப்பட எழுதிய புகாரை ஒழுங்கான ஆங்கிலத்தில் புதிதாக அடித்து, கையெழுத்து வாங்கி, பழைய சீட்டைக் கிழித்துவிட வேண்டும். நஞ்சுண்டய்யா புகாரைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதில் ஃபோர்சிப்ளி இருந்தது. மல்ஹோத்ரா பல் டாக்டரிடம் கிளம்பும் அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பிறகு ஸ்டென்சில் தாளை எடுத்துக் கோட்டில் அடித்தேன். ‘நீ ஃபோர்சிப்ளி உன் மேலதிகாரியின் வாயில் ஒரு லட்டைத் திணித்து, அவர் பல்லைச் சேதப்படுத்தினாய்.’ எட்டு வருஷத்தில் அந்த வார்த்தை முதல்முறையாகப் பல்லைக் காட்டியது. எங்கள் நிலையாணையில், அதாவது கம்பெனியின் ஒழுங்கு விதிகளில், தூங்கியதற்கு எச்சரிக்கை. மேலதிகாரியைப் பலவந்தமாகத் தாக்கியதற்கு ஒரே தண்டனைதான், வேலை நீக்கம். விசாரணை முடியும்வரை தனகோட்டியை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து சாப்பாட்டு நேரத்தில் அவர் கேட்டருகே என்னைக் கூப்பிட்டனுப்பினார். துவைத்து மடித்த யூனிஃபாரத்தில் வந்திருந்தார். தாளை நீட்டினார். அவருடைய மகள் காலேஜில் படிக்கிறாள், அவள் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

“வேல போனா போவுது சார், எதுனா பண்ணிப் பொழச்சிக்கலாம். எம் பொண்ணு கேக்குது சார், நீ அந்தாள அடிச்சியாப்பான்னு. இல்லம்மா ஊட்டித்தான் வுட்டேன்னு சொன்னா, அப்பறம் இன்னாத்துக்கு இந்த வார்த்தய எழுதிகீறாங்கன்னு கேக்குது. நீங்க சொல்லுங்க சார், அதுக்கு நான் இன்னான்னு சொல்றது?”

அது எல்லாருக்கும் போடுகிற வார்த்தைதான், பயப்படாதீர்கள் என்று ஏதோ உளறினேன். அவர் தாளை மறுபடி பார்த்தார். “அப்ப எல்லாருமா அடிச்சாங்க?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் வேலை இருக்கிறது என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

விசாரணை அதிகாரியாகத் தரக் கட்டுப்பாட்டுத் தலைவர் குல்கர்ணியைப் போட்டார்கள். கம்பெனித் தரப்பில் பேச நஞ்சுண்டய்யா. தனகோட்டிக்காகப் பேச லேத் செக்‌ஷன் பாஷா பாய். முறையெல்லாம் எனக்கு மனப்பாடம். முதலில் ஆஜரானவர்கள் பெயரை அடிக்க வேண்டும், பிறகு கேள்விக்கு ஒரு எண், பதிலுக்கு ஒரு எண், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எல்லாரும் கையெழுத்து. ஸ்டெனோ பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் வராது. நாங்கள் அறையில் இருப்போம், ரிக்கார்டில் இருக்கமாட்டோம்.

குல்கர்ணி நேர்மையான மனிதர். ஆனால் அளக்க முடியாத எதுவும் உலகத்தில் இருப்பதாக அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். முதல் நாளே லைப்ரரியிலிருந்து தலையணை கனத்தில் ஒரு அகராதி வரவழைத்தார். ஃபோர்சிப்ளி என்றால் பலத்தைப் பயன்படுத்தி, ஒருவருடைய விருப்பத்துக்கு விரோதமாக என்று போட்டிருந்தது. குல்கர்ணி அதை இரண்டு முறை படித்துவிட்டு, “பலம் என்று போட்டிருக்கிறார்கள், எத்தனை கிலோ என்று போடவில்லையே” என்று வருத்தப்பட்டார். கடையில் தராசு வாங்குகிறவனிடம் நாம் ‘ஏதோ கொஞ்சம் கனம் காட்டும்’ என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். ஊட்டுவதற்கு ஒரு அளவு இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால்தான் பலவந்தம் என்று தீர்மானித்து, இரண்டு கிலோ என்று அவரே ஒரு வரம்பு வைத்தார். சட்டத்தில் கிலோ கிடையாது என்று நஞ்சுண்டய்யா மெல்லிய குரலில் ஆட்சேபித்தார். அப்படியானால் சட்டத்தை நம் லேபுக்கு அனுப்புங்கள், சரிபார்த்துத் தருகிறேன் என்றார் குல்கர்ணி. இதையெல்லாம் நான் ஒரு எழுத்து விடாமல் அடித்தேன்.

இரண்டாம் நாள் சோதனை. தள்ளுகிற பலத்தைக் காட்டும் ஸ்பிரிங் மீட்டரின் முனையில் லட்டைப் பொருத்தி, மூடிய வாயில் வைத்து அழுத்தினால் எத்தனை கிலோவில் உள்ளே போகிறது என்று பார்ப்பது ஏற்பாடு. கான்ட்ராக்டரிடமிருந்து அதே பதத்தில் மூன்று லட்டு வந்தது. அந்தப் பதத்தை அவர் சிரமப்படாமலே கொண்டுவந்துவிட்டார். வாய் கொடுக்க பாஷா பாய் முன்வந்தார். வாயை இறுக்கி மூடிக்கொள்ள வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி உட்கார வைத்தார்கள். லட்டு ஒரு சாண் தூரத்தில் வரும்போதே பாஷா பாயின் வாய் திறந்துகொண்டது. முள் அசையவே இல்லை. “மன்னிச்சுக்கோங்க சாப், ஏலக்கா வாசனைக்கு தானா தொறந்துக்குது” என்றார். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதற்குக் கண்ணைக் கட்டிப் பார்த்தார்கள், மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. ‘சோதனை மூன்று. மூன்று முறையும் தொடுவதற்கு முன்பே வாய் திறந்தது. அளவு பூஜ்யம்’ என்று அடித்தேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பாஷா பாயின் கையெழுத்து மட்டும் நெய்யில் நழுவியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் தனகோட்டி மூலையில் நின்றபடி ஒவ்வொரு முறையும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் அடித்தோமா இல்லையா என்பதை அந்த மெஷின் தன் மகளுக்குச் சொல்லிவிடும் என்று நம்பினார் போலிருக்கிறது.

மூன்றாம் நாள்தான் விஷயம் கெட்டது. மல்ஹோத்ரா முதல் நாள் சாட்சியத்தில், பேசிக்கொண்டிருக்கும்போது லட்டைக் கொஞ்சம் அழுத்தி வைத்தான் என்றுதான் சொல்லியிருந்தார். நடுவில் சார்ஜ் ஷீட்டையும் தான் கையெழுத்துப் போட்ட புகாரையும் பலமுறை படித்திருக்கிறார். மூன்றாம் நாள், தனகோட்டி இடது கையால் தன் பிடரியைப் பிடித்து, வலது கையால் லட்டைத் திணித்தான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதை இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பிடரியைத் தடவிக்காட்டும்போது அவர் முகத்தில் நிஜமாகவே வலி தெரிந்தது. அச்சில் ஃபோர்சிப்ளி என்று இருந்ததற்கு ஏற்றபடி அவருடைய ஞாபகம் தன்னை வளர்த்துக்கொண்டுவிட்டது. “எடது கைல தட்டு இருந்துச்சு சார்” என்றார் தனகோட்டி. தட்டைக் கீழே வைத்திருக்கலாம் அல்லவா என்றார் நஞ்சுண்டய்யா.

குல்கர்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாஷாவின் வாயை வைத்து மல்ஹோத்ராவின் வாயைத் தீர்மானிக்க முடியாது, சம்பவம் நடந்தவுடனே அதிகாரி கொடுத்த புகாரிலேயே ஃபோர்சிப்ளி இருக்கிறது, அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை, விசாரணையை முடிக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் அதை அடித்துக்கொண்டே வந்தேன். தனகோட்டி கைகளை முன்னால் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நாம்தான் மறந்துவிட்டோமோ, உண்மையிலேயே பிடித்தோமோ என்று அந்த மனுஷனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் விரல் நின்றுவிட்டது.

டைப்ரைட்டர் சத்தம் நின்றதும் எல்லாரும் திரும்பினார்கள். எழுந்து நின்றேன். “சார், நான் ஒன்னு சொல்லணும்” என்றேன்.

குல்கர்ணி ஆஜர் பட்டியலைப் பார்த்தார். “நீ இங்கே இல்லையே” என்றார். முறைப்படி அவர் சொன்னது சரிதான். நான் உட்கார்ந்து, அன்றைய முதல் தாளை மறுபடி உருளையில் ஏற்றி, ஆஜரானவர்கள் வரிசையில் கடைசியாக எத்திராஜ், ஸ்டெனோ என்று அடித்துவிட்டு மறுபடி எழுந்தேன். இப்போது இருக்கிறாய், சொல் என்றார். என் வாக்குமூலத்தை அடிக்க வேறு ஆள் இல்லை. அதனால் நின்று சொல்வதும், உட்கார்ந்து அதை அடிப்பதும், மறுபடி நின்று சொல்வதுமாக, பார்க்கிறவர்களுக்குக் கூத்தாகத்தான் இருந்திருக்கும்.

எனக்கு ஒரு கஞ்சத்தனம் உண்டு. ஒரு பக்கம் காலியாக இருக்கும் எந்தத் தாளையும் கிழிக்க மனம் வராது. பின்பக்கம் சுருக்கெழுத்து எழுதிக்கொள்ள, க்ளிப் போட்டு அட்டையில் வைத்துக்கொள்வேன். மல்ஹோத்ராவின் சீட்டையும் கிழிக்கவில்லை. நஞ்சுண்டய்யா சொன்ன புகாரை நான் சுருக்கெழுத்தில் எடுத்ததே அந்தச் சீட்டின் பின்பக்கத்தில்தான். அதை உருவி மல்ஹோத்ராவிடம் கொடுத்தேன். அவரே வாசித்தார். ‘பூஜையில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு தொழிலாளி என் வாயில் இனிப்பை வைத்தார். என் பல் கழன்றுவிட்டது. அடுத்த வருஷம் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளவும்.’

அவ்வளவுதான். அதில் ஃபோர்சிப்ளி இல்லை, பிடரி இல்லை, தண்டனை வேண்டும் என்றுகூட இல்லை.

நஞ்சுண்டய்யா எழுந்தார். கம்பெனித் தரப்பில் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியவர் அவர்தான். வேறு யாராவதாக இருந்தால் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். அவர் எப்போதும் போல மெல்லிய குரலில், நேராக அந்த இடத்திலேயே கையை வைத்தார்.

“இந்த வார்த்தைய போடச் சொன்னது யாரு எத்திராஜ்?”

“மொதல்ல நீங்க சார். அப்பறம் நான், ஸ்டென்சில்ல வெட்டிட்டேன். அதுக்கப்பறம் ரெண்டு பேருமே இல்ல சார், அதுவா வந்துகினு இருக்கு.”

உட்கார்ந்து அதை அடித்தேன். இரண்டு இடத்தில் எழுத்து மாறிப்போனது. இதுவரை எத்தனை பேருக்கு இப்படிப் போயிருக்கிறது என்று குல்கர்ணி கேட்டார். எண்ணிக்கை தெரியாது, எட்டு வருஷமாகத் தூங்கியவன், லேட்டாக வந்தவன் எல்லாருக்கும் போயிருக்கிறது என்றேன். எண்ணிக்கை தெரியாது என்றது அவரை மிகவும் பாதித்தது.

மல்ஹோத்ரா சீட்டைக் கையில் வைத்தபடியே இருந்தார். பிறகு, இது என் கையெழுத்துதான், நடந்ததும் இதுதான் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். பிடரியில் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்துக்கொண்டு, இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றார். தனகோட்டியின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் ‘தப்பாயித்து’ என்று மன்னிப்புக் கேட்டார். தனகோட்டி பதறிப்போய், “பல்லு நல்லா கீதா சார்?” என்று கேட்டார்.

பலம் பயன்படுத்தியது நிரூபிக்கப்படவில்லை என்று குல்கர்ணி தீர்ப்பு எழுதினார். மூன்று பூஜ்யத்தையும் பட்டியல் போட்டுப் பின்னால் இணைத்திருந்தார். மறுநாள் காலைச் சங்குக்கு தனகோட்டி உள்ளே வந்தார். என் மேஜை பக்கம் வந்து, “பொண்ணாண்ட அந்தச் சீட்டப் பத்திச் சொன்னேன் சார். சிரிச்சிது” என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ள நான் ஸ்டென்சில் மை பட்டுவிட்டது போல பாவனை செய்தேன்.

அன்றைக்கே நஞ்சுண்டய்யா என்னை உள்ளே கூப்பிட்டார். விசாரணை நடக்கும்போது அனுமதி இல்லாமல் பேசியதற்கும், கிழிக்கச் சொன்ன தாளைக் கிழிக்காததற்கும் எனக்கு ஒரு சார்ஜ் ஷீட் கொடுக்க வேண்டும், முறை முறைதான் என்றார். அடிக்க வேண்டியவன் நானேதான். பழைய ஸ்டென்சில் தாள் ஒன்று பாக்கி இருந்தது. என் பெயரை அடித்தேன், தேதியை அடித்தேன். ‘நீ ஃபோர்சிப்ளி விசாரணையில் குறுக்கிட்டுச் சாட்சி சொன்னாய்’ என்று கோட்டை நிரப்பிக் கொண்டுபோனேன். அந்த ஃபோர்சிப்ளியை மட்டும் நீக்கிவிடட்டுமா சார் என்று கேட்டேன். இனிமேல் அந்தத் தாளையே உபயோகிக்கக்கூடாது என்று அவரே முந்தின நாள் சொல்லியிருந்தார்.

ஜன்னலோரம் போய் நின்று உதடு அசையப் படித்தார். வெகுநேரம் படித்தார். திரும்பும்போது அவர் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

“பேடா, வேணாம், இருக்கட்டும். யாரும் உன்ன கேக்கல. நான் விரும்பல. நீயும் பயந்துட்டு இருந்தே. அதையெல்லாம் தள்ளிட்டுத்தான சொன்னே? எட்டு வருஷத்துல இந்த ஒரு தாள்லதான் அது சரியா விழுந்திருக்கு.”

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் அன்று மாலையே ஒரு வரியில் அடித்துக் கொண்டுபோய் வைத்தேன். ‘என்மீது சாட்டப்பட்ட குற்றத்தில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கவில்லை.’

நஞ்சுண்டய்யா அதை ஜன்னலுக்கு எடுத்துப்போனார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, இரண்டு வார்த்தைக்கு நடுவே கொண்டுபோனார். பிறகு எதையும் சேர்க்காமல், கீழே தன் சுருக்கொப்பத்தை மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.